தெரிய வந்த தேதி

மே 6, செவ்வாய்

ஈரோட்டில் வக்கீல் ஆபீஸிலிருந்து யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதையாவது ஜோடியாக எடுத்து வந்தேனா என்றால் அதுவும் இல்லை. வலது காலில் என்னுடைய ஏழாம் நம்பர். இடது காலில் எவரோ ஒரு புண்ணியவானின் ஒன்பதாம் நம்பர். ரோடு கோணலாக இருக்கிறது என்று போட்டவனைத் திட்டிக்கொண்டே பஸ் நிலையம் வரை நடந்திருக்கிறேன். கோபியில் இறங்கும்போது கண்டக்டர்தான், "அண்ணா, ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு ஆருதுங்க?" என்று கேட்டார்.

வீட்டு வாசலில் தாரணி பார்த்துவிட்டாள். "எனக்குத்தான் செருப்பு கால்ல நிக்கறதில்லை. உங்களுக்கு என்னங்கப்பா கேடு?" என்றாள்.

அவள் செருப்பு நிற்காததற்காகத்தான் வக்கீலிடம் போனதே. என் மகளுக்கு வலது பாதம் முன்பக்கம் தூக்காது. நடந்தால் விரல்கள் தரையைத் தேய்க்கும். காலைத் தூக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டிருக்கிறாள். 2021 நவம்பரில் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு இப்படி ஆனது. காய்ச்சல் நரம்பைப் பிடித்துவிட்டது என்று அந்த ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். 2023 ஜூலை 11ஆம் தேதி கோயமுத்தூர் நரம்பு டாக்டர், "காய்ச்சலெல்லாம் இல்லை, இடுப்புல போட்ட ஊசி நரம்புல இறங்கியிருக்கு" என்றார். இப்போது ஆபரேஷன் செய்தால் பாதம் கொஞ்சம் தூக்குமாம். அதற்குக் கடையை விற்றாலும் பற்றாது. என் கடை என்ன பெரிய கடை, கிரைண்டர் ரிப்பேர் கடை.

வக்கீல் வளர்மதி மேடம் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டே பேசுகிறார். "நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணுனா எப்பவோ முடிஞ்சு போச்சு. ஊசிதான் காரணம்னு தெரிய வந்த நாளிலிருந்து எண்ணுனா, வர்ற ஜூலை பத்து வரைக்கும் டைம் இருக்கு. அதைத்தான் நாம சொல்லணும். ஆமா, ரெண்டு வருசமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"கடையில வேலைங்க மேடம்" என்றேன்.

"இருபத்திரண்டு மாசமாவா?"

மோர் வந்தது. குடித்தேன்.

மே 9, வெள்ளி

கடையில் இரண்டு பெல்ட், ஒரு கல் கொத்தல். மிச்ச நேரமெல்லாம் கரண்ட் இல்லை.

மே 14, புதன்

மேடத்திடம் போனில் பேசும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கல்யாணமான வருசத்திலிருந்து டைரி எழுதுகிறேன் என்று பெருமையடித்துவிட்டேன். பத்தாவது படித்தவன், நாலு எழுத்து எழுதுவேன் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா.

"அப்ப 2021 டைரி இருக்கா?" என்றார். குரலே மாறிவிட்டது. "அதைக் கொண்டு வாங்க. தேதிவாரியா இருந்தா ரொம்ப நல்லது."

பட்டறை மேசைக்குக் கீழே கிடந்தது. அந்த வருசம் அந்த ஆஸ்பத்திரியே பொங்கலுக்கு இனாமாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆஸ்பத்திரி பேர். நவம்பர் பக்கங்களைப் புரட்டினேன். படித்தேன். இருந்த இடத்திலேயே வைத்து, மேலே பழைய மோட்டார் ஒன்றை ஏற்றி வைத்தேன்.

மே 20, செவ்வாய்

என் சம்சாரம் ருக்குமணி பீரோவை மொத்தமாகக் கொட்டிக் கவிழ்த்து அந்தக் காலத்து ஓ.பி. சீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருந்தாளாம். நகையை அரிசி டப்பாவில் வைப்பாள், சீட்டைச் சேலைக்கு அடியில் வைப்பாள்.

சீட்டில் மூன்று மாத்திரை எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே கோடு போட்டு டாக்டர் கையெழுத்து. கையெழுத்துக்கும் கீழே, வேறு மையில், ஊசி.

தாரணி உற்றுப் பார்த்தாள். "கையெழுத்துப் போட்டு முடிச்சதுக்கப்புறம் எதுக்கு ஊசி எழுதியிருக்காரு?"

"டாக்டருங்க எழுதறது நமக்கென்ன புரியுது கண்ணு" என்றேன்.

மே 31, சனி

இன்று ஒரு வம்பு. கவுந்தப்பாடிக்காரர் ஒருவர் கிரைண்டர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்த மோட்டார். ஆறு மாத கேரண்டி முடிந்து ஐந்து வாரம் ஆகிறது.

"கேரண்டி முடிஞ்சுதுங்க" என்றேன்.

"மோட்டாரு மொதல்லயிருந்தே சரியில்லீங்க. நாங்க பெங்களூர்ல மக வீட்டுல இருந்தோம். நேத்துதான் வந்து சுவிட்ச் போட்டோம். பொகை வந்துச்சு. எங்களுக்குத் தெரிஞ்சதே நேத்துதானுங்களே."

"நீங்க நேத்து சுவிட்ச் போட்டா அதுக்கு நான் பொறுப்புங்களா?"

"தப்பாச் சுத்துனது நேத்தாங்க?"

அரை மணி நேரம் வாதாடினேன். பக்கத்துக் கடை டீ மாஸ்டர்கூட என் கட்சிதான். கடைசியில் பிரித்துப் பார்த்தால், என் சுற்றுதான் தப்பு. ஒரு இடத்தில் கம்பியின் மேல்பூச்சு உரிந்திருந்தது. ஓசியில் சுற்றிக் கொடுத்தேன். வளர்மதி மேடம் எனக்கு எதிராக வாதாடியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஜூன் 7, சனி

பழைய கேஸ் தாள் கேட்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜன்னலில் இருந்த பெண், "எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். "இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க" என்றாள். வெளியே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் எழுதி வாங்கி வந்தேன். "ரெக்கார்டு ரூம்ல கேளுங்க" என்றாள். ரெக்கார்டு ரூமில் பூட்டு. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார். மூன்றரைக்கு வந்தார்.

"2021 ஓ.பி. எல்லாம் இப்ப இருக்காதுங்க. அழிச்சாச்சு."

"எப்பங்க அழிச்சீங்க?"

"போன மார்ச்சுல."

எல்லாவற்றுக்கும் ஒரு காலக்கெடு வைத்திருக்கிறார்கள். கேட்பதற்கு ஒன்று, அழிப்பதற்கு ஒன்று. பூட்டின் சாவிக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

திரும்பி வரும்போது ஊசி போடும் அறை வாசலில் கம்பவுண்டர் நின்றிருந்தார். அன்று தாரணிக்கு ஊசி போட்ட அதே ஆள். தலை நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல், மருந்து வாங்க வந்தவன் மாதிரி நடந்துவிட்டேன்.

தப்பு செய்தவர் நின்றுகொண்டிருந்தார். ஓடினது நான்.

ஜூன் 16, திங்கள்

கடையில் கத்திவிட்டேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மாவுக் கடை சாந்தாமணி, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிரைண்டர் எடுக்க வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல். "டாக்டர் வெறும் சொட்டு மருந்து குடுத்துட்டாருங்ணா. ஊசி போடச் சொன்னா போட மாட்டீங்கறாரு. அந்தக் கடைவீதி டாக்டர்கிட்டப் போயி ஒண்ணு போட்டுட்டு வந்தர்றேன். ஊசி போட்டாத்தானுங்களே காச்ச எறங்கும்?"

"டாக்டர் வேண்டாம்னா வேண்டாம்தான்" என்றேன். குரல் பட்டறையே அதிர்கிற மாதிரி வந்தது. "நீ படிச்சியா, அவரு படிச்சாரா? சொட்டு மருந்துன்னா சொட்டு மருந்து. பேசாம ஊட்டுக்குப் போ."

சாந்தாமணி பயந்து, கிரைண்டரை வைத்துவிட்டே போய்விட்டது. மதியம் சாப்பாடு கொண்டு வந்த தாரணி, "ஏனுங்கப்பா, அந்த அக்காவை அடிக்கப் போனீங்களாமா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் கிரைண்டரை நானே ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. சொட்டு மருந்திலேயே.

ஜூன் 25, புதன்

ஈரோடு. இந்த முறை செருப்பை வாசலில் விடாமல் பையில் போட்டுக்கொண்டே உள்ளே போனேன். குமாஸ்தா ஒரு மாதிரி பார்த்தார்.

தாரணியும் வந்திருந்தாள். மேடம் நரம்பு டாக்டரின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "கடிதம் நல்லா இருக்கு. ஆனா அவங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா? ஊசி சரியான இடத்துலதான் போட்டோம், இது காய்ச்சலால வந்ததும்பாங்க. நரம்புல ஊசி இறங்குனா அந்த நிமிசமே கரண்ட் அடிச்ச மாதிரி கால் முழுக்க ஓடும். போடறவங்க உடனே நிறுத்தி ஊசியை எடுத்திரணும். அதுதான் முறை. அப்படி ஓடுச்சு, அப்புறமும் போட்டாங்கன்னு ஒரு சாட்சி இருந்தாப் போதும், கேஸ் நிக்கும். தாரணி, உனக்கு ஞாபகம் இருக்கா?"

"நூத்தி நாலு டிகிரிங்க மேடம். ஆஸ்பத்திரிக்குப் போனதே ஞாபகமில்லை. முழிச்சுப் பாத்தா வீடு."

"கூட ஆரு இருந்தாங்க?"

"அப்பாதான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் அந்நேரம் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தனுங்க" என்றேன்.

மேடம் எழுதிக்கொண்டார். "டைரி?"

"கரையான் அரிச்சிருச்சுங்க."

பஸ்ஸில் தாரணி ஜன்னல் பக்கம். கவுந்தப்பாடி வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "2020 இருக்கு, 2022 இருக்கு. கரையான் தேதி பாத்துத் தின்னுச்சுங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தின பிறகு கொஞ்ச தூரம் கஷ்டமாக இருந்தது.

இறங்குவதற்கு முன் அவளாகவே சொன்னாள். "காசுக்காக மட்டும் இல்லீங்கப்பா. நாலு வருசமா என்ற ஒடம்புதான் சரியில்லைன்னு நெனைச்சுட்டு இருக்கறேன். அத்தைகூட நாக தோசம்னு சொல்லுச்சு. ஆரு தப்புன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தாங்கன்னா, அதைச் சட்டம் போட்டு மாட்டுவேன்."

ஜூன் 26, வியாழன்

ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜூலை 3, வியாழன்

மேடம் போன். இன்னும் ஒரு வாரம்தான். நரம்பு டாக்டரின் கடிதத்தில் சீல் இல்லையாம். கோயமுத்தூர் போனேன். டாக்டர் கான்பரன்ஸுக்குப் போயிருக்கிறார். சீல் அவர் மேசை டிராயரில் இருக்கிறதாம், நர்ஸம்மா கண் முன்னால் காட்டினார், எடுக்க மாட்டாராம். திங்கட்கிழமை வரச் சொன்னார். நூற்று எண்பது கிலோமீட்டர் போய் வந்து ஒரு ரப்பர் கட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 7, திங்கள்

சீல் வாங்கியாயிற்று. கொஞ்சம் கோணல். இருக்கட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் கடை திறந்ததும் பழைய மோட்டாரை நகர்த்தி, டைரியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஈரோடு போனேன்.

மேடம் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "எதிராளி குடுத்த டைரியா? இது நல்லா இருக்கே." அப்புறம் படித்தார். சிரிப்பு நின்றது.

மூன்று இடம்தான். நவம்பர் 17: 'டாக்டர் மாத்திரை போதும் என்றார். ஊசி கேட்டு வாங்கினேன். நாளைக்கு அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம், எப்படியும் போக வேண்டும்.' நவம்பர் 18: 'தாரணிக்குக் கால் மரத்திருக்கிறது. ஊசி போட்ட பக்கம்.' நவம்பர் 25: 'கம்பவுண்டரைக் கேட்டேன். சில பேருக்கு அப்படி ஆகும், சரியாகிவிடும் என்றார். வீட்டில் சொல்லவில்லை.'

"அப்ப உங்களுக்கு அடுத்த நாளே தெரியும்" என்றார்.

"தெரியும்னும் சொல்ல முடியாதுங்க. தெரியாதுன்னும் சொல்ல முடியாது."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "சந்தேகம் வேற, தெரியறது வேற. உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சு. கேட்டீங்க. அவங்க சரியாயிடும்னு சொன்னாங்க, காய்ச்சல்னு சொன்னாங்க. கோயமுத்தூர் டாக்டர் சொன்ன அன்னிக்குத்தான் தெரிஞ்சது. அப்படித்தான் நான் வாதாடுவேன். ஒத்துக்குவாங்கன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மறைச்சு மாட்டிக்கறதைவிட இது மேல்."

"ஊசி கேட்டது நானுங்களே மேடம்."

"இந்த ஊர்ல ஊசி கேக்காத அப்பன் ஆரு? கேக்கறது நீங்க. எங்க குத்தணும், எப்ப நிறுத்தணும்ங்கறது அவங்க வேலை." கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். "மருந்துக் கடைக்குப் போனேன்னு சொன்னீங்களே, அது?"

"போகலீங்க. உள்ளதான் இருந்தேன்."

மேடம் திட்டவில்லை. அதுதான் கஷ்டம். "முழுசா எழுதி, தட்டச்சுப் பண்ணி, வியாழக்கிழமை காலையில நோட்டரிகிட்ட வாங்க. எங்க குமாஸ்தாவுக்கு மத்த கேஸ் இருக்கு. தாரணி இ-சேவை மையத்துலதான வேலை செய்யறா? அவளையே அடிக்கச் சொல்லுங்க. ஆனா அவ படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டாம். நீங்க சொல்லித் தெரிஞ்சுக்கட்டும்."

ஜூலை 9, புதன்

இ-சேவை மையம் ஆறு மணிக்கு மூடும். மூடின பிறகு தாரணி எனக்காக ஒரு கம்ப்யூட்டரை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தேன். அது ஆடியது. நான்கு முறை நகர்த்தினேன்.

"சொல்லுங்க" என்றாள். விரல்கள் தயாராக இருந்தன.

"கோபிசெட்டிபாளையம், குழந்தைவேலு ஆகிய நான் உறுதிகூறிச் சொல்வது என்னவென்றால்." அது வரைக்கும் மேடம் எழுதிக் கொடுத்தது. அதற்கப்புறம் நான்.

"மேற்படி தேதியில் டாக்டர் மாத்திரை போதும் என்றார். ஊசி போடச் சொல்லி நான் வற்புறுத்தினேன்."

டக் டக்கென்று வந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை வீட்டு விசேசத்துக்கா?"

"ஆமா கண்ணு."

"அந்த விசேசத்துல பாயசம் தீஞ்சு போச்சுன்னு ஒரு வாரம் குறை சொன்னீங்களே."

"ஆமா."

மறுபடி அடித்தாள். வாக்கியத்தை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, "அப்புறம்?" என்றாள். மையத்துக்கு வருகிற மற்றவர்களைக் கேட்கிற அதே குரல். அடுத்த சான்றிதழ், அடுத்த ஆவணம்.

"நான் மருந்துக் கடைக்குப் போகவில்லை. ஊசி போடும்போது அறையிலேயே இருந்தேன். தாரணி, காலில் கரண்ட் அடிக்கிறது, எடுக்கச் சொல்லுங்கப்பா என்று கத்தினாள். அவளைத் திரும்ப விடாமல் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்."

இதை அடிக்கும்போது இரண்டு முறை தப்பு வந்தது. அழித்து அடித்தாள். அவளுக்குத் தப்பே வராது.

"நான் அப்படியா கத்துனேன்?"

"ம்."

"கம்பவுண்டரு என்ன பண்ணுனாரு?"

"ஊசியை நிறுத்துனாரு."

"நிறுத்திட்டு?"

"மறுபடி போட்டாரு."

அதையும் அடித்தாள். பிரிண்ட் எடுத்தாள். மூன்று பிரதி. ஒவ்வொரு பக்கத்தையும் தட்டி நேராக்கி என்னிடம் கொடுத்தாள். படித்துப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.

கதவைப் பூட்டும்போது, "நாலு வருசம் இதை எங்கீங்கப்பா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"மோட்டாருக்கு அடியில" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஆனால் படியில் இறங்கும்போது எப்போதும் போல என் தோளைப் பிடித்துத்தான் இறங்கினாள்.

ஜூலை 10, வியாழன்

நோட்டரி பத்தரைக்கு வர வேண்டியவர் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். ஆணையத்தில் பக்க எண் போடவில்லை என்று திருப்பினார்கள். நூற்றுப் பதினாறு பக்கத்துக்கும் தாரணி தரையில் உட்கார்ந்து எண் போட்டாள். பிறகு ஒரு ஜெராக்ஸ் மங்கல் என்றார்கள். ஓடினேன். சாப்பாடு இல்லை, தண்ணி இல்லை. நாலே முக்காலுக்கு, கவுண்டர் மூடக் கால் மணி நேரம் இருக்கும்போது, தேதி முத்திரை விழுந்தது. பத்து, ஏழு. தாரணி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

மேடம் ஆபீஸில் இரண்டு மாதமாக ஒரு மூலையில் கிடந்ததாம், ஒரு இடது கால் ஏழாம் நம்பரும் ஒரு வலது கால் ஒன்பதாம் நம்பரும். அந்தப் புண்ணியவான் வேறு செருப்பு வாங்கிக்கொண்டாராம். என்னுடையதை எடுத்துப் பையில் போட்டேன். அவருடைய இடது காலை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் தாரணி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். பாதம் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுதிக் கொடுத்ததெல்லாம் உண்மை. ஒரு வரி கூடப் பொய் இல்லை. கம்பவுண்டர் நிறுத்தினார், மறுபடி போட்டார். அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். எடுத்துவிடட்டுமா என்று கேட்கிற பார்வை. 2021 டைரியில்கூட இதை நான் எழுதவில்லை. மேடத்திடம் சொல்லவில்லை. நேற்று, 'நிறுத்திட்டு?' என்று அவள் கேட்டபோது வாய் வரைக்கும் வந்தது.

'போடுங்க' என்று சொன்னேன்.